ஊக்குக்கு அவசரம்

மார்ச் 4, செவ்வாய்

ஆமாம், கொண்டுவந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள், அதனால்தான் கேட்கவில்லை.

ஜிப்பும் லைனிங் துணியும் வாங்கத்தான் போனேன். நூல் கடையின் பின்பக்கம் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது எனக்கும் தெரியும். ஆண் குட்டிகள் எல்லாம் போன வாரமே போய்விட்டன. மிச்சம் ஒன்று, அட்டைப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தது. "பொட்டைன்னு யாரும் எடுக்கல" என்றார் கடைக்காரர், நூல்கண்டை அடுக்கிக்கொண்டே. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுள்ளென்று பட்டது. பைக்குள் கீழே லைனிங், மேலே ஜிப்பு, நடுவில் குட்டி. வந்துவிட்டேன்.

எனக்கு மாடிக்குப் போக ஒரே வழி. கீழே அண்ணன் வீட்டுக் கூடம், அதைத் தாண்டித்தான் படி. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பை அசைவதைப் பார்த்துவிட்டு, பையில் என்ன என்றான். லைனிங் துணி என்றேன். லைனிங் துணி முனகியது.

பிறகு நடந்ததை எழுதப்போவதில்லை. நான் பாட்டுக்குப் படியேறி வந்துவிட்டேன். மேலே வந்து தரையில் விட்டதும் என் உடையின் ஓரத்தைப் பல்லால் பிடித்தது. பல்லா அது, குண்டூசி வரிசை. இழுத்தால் விடவில்லை, அதட்டினால் விடவில்லை, பிஸ்கட் காட்டினால் யோசித்தது, ஆனால் விடவில்லை. பெயர் தானாக வந்துவிட்டது: ஊக்கு.

மார்ச் 5, புதன்

துடைப்பதே வேலை. தையல் மிஷினுக்கு அடியில் ஒரு தடவை. பெடலின் மேலேயே ஒரு தடவை. நேற்று வாங்கிய லைனிங் மேல் ஒரு தடவை. நான் தரையைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஈரமாக இருந்த அதே இடத்துக்குப் போய் மறுபடியும். வீம்பு பிடித்த குட்டி. எனக்குப் பிடித்திருக்கிறது.

வெளியே கொண்டுபோகலாம்தான். எப்படி? குட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, கூடத்தில் அண்ணனைத் தாண்டி, சமையலறையில் அண்ணியைத் தாண்டி, பின்கதவுக்குப் போக வேண்டும். அதைத் தாண்டினால்தான் மண். அந்தப் பின்கதவும் அண்ணன் எழுந்து திறந்தால்தான் திறக்கும். இருட்டியதும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஊக்குக்கு அவன் எழுந்திருக்கும் நேரம் தெரியாது.

நான் புருஷனை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் என்று சொல்லித்தான் மாடியை எனக்குக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றா எழுதினேன்? அப்பா கட்டின வீடு இது. எனக்கும் சேர்த்துத்தான் கட்டினார்.

மார்ச் 7, வெள்ளி

இன்று வசமாக மாட்டினோம். காலையில் எழுந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதிப் படியில் என் கையிலேயே விட்டுவிட்டது. கையில் இருந்து படிக்கு, படியில் இருந்து கூடத்துக்கு. அண்ணி அதில் காலை வைத்தாள்.

அண்ணி கத்தவில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, "உங்க தங்கச்சியைக் கூப்பிடுங்க" என்று அண்ணனிடம் சொன்னாள். நான் அவளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை, ஆபீசில் பேசுவதுபோலப் பேசினான்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஒழுங்கா பழகலைன்னா கிடங்குல கொண்டுபோய்க் கட்டிடுவேன். அவன் ரொம்ப நாளா ஒரு நாய் கேட்டுக்கிட்டு இருக்கான்."

அவன் என்றால் அண்ணனின் சிநேகிதர், சிமெண்ட் கிடங்கு வைத்திருப்பவர். அந்தக் கிடங்கை நான் பார்த்திருக்கிறேன். மூட்டைகளுக்கு மேல் போடும் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கப் போனபோது அங்கே ஒரு நாய் இருந்தது. கம்பத்தில் சங்கிலி. நிழல் ஒரு பக்கம், தண்ணீர்ச் சட்டி ஒரு பக்கம், இரண்டுக்கும் எட்டாத நீளத்தில் சங்கிலி. அந்த நாய் என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை. படுத்தபடியே பார்த்தது.

அங்கேயா ஊக்கு போவாள்?

மார்ச் 8, சனி

பழக்கிக் காட்டுகிறேன். ஒரு கை பார்த்துவிடலாம்.

மார்ச் 10, திங்கள்

ஊசி போடக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சின்னப் பெண்தான், ஆனால் கை பதறாத டாக்டர். ஊக்கு அவர் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோதுகூடச் சிரித்தபடியே ஊசியைப் போட்டுவிட்டார்.

வழி கேட்டேன். அறையில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துப் பேப்பர் விரியுங்கள் என்றார். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கொண்டுபோய் அதன்மேல் விடுங்கள். செய்தால் தலைகால் புரியாமல் கொஞ்சுங்கள். வேறு இடத்தில் செய்தால் திட்டாதீர்கள், பேசாமல் துடைத்துவிடுங்கள். அப்புறம் பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்துங்கள், கடைசியில் வெளியே போய்விடும் என்றார்.

"உங்க வாசல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு வாசல் இல்ல டாக்டர். படிதான். அதுக்குக் கீழ எங்க அண்ணன்."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பேப்பருக்கு எனக்கென்ன பஞ்சம்? எந்தத் துணியையும் வெட்டுவதற்கு முன்னால் செய்தித்தாளில் வரைந்து வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கை வைப்பேன். மூலையில் கட்டுக்கட்டாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

புரிந்துவிட்டது! ஊக்குக்குப் புரிந்துவிட்டது!

காலையில் எழுந்தவள் நேராகப் பேப்பருக்குப் போனாள். மூக்கை வைத்து முகர்ந்தாள், ஒரு சுற்று சுற்றினாள், நடுவில் உட்கார்ந்தாள். முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கைதட்டினேன். கீழே இருந்து அண்ணி, மாடியில் என்ன கச்சேரி என்று கேட்டாள். பெரிய கச்சேரிதான் என்றேன்.

மத்தியானமும் பேப்பர். சாயங்காலமும் பேப்பர். தரை காய்ந்து கிடக்கிறது. அண்ணன் ஆபீசிலிருந்து வந்ததும் படியின் மேலே நின்று, வந்து பார்க்கிறாயா, மோந்து பார்க்கிறாயா என்று கேட்டேன். காதில் வாங்காததுபோலச் செருப்பைக் கழற்றினான். காதில் விழுந்தது, எனக்குத் தெரியும்.

மார்ச் 15, சனி

ஐயோ.

எழுத உட்கார்ந்தும் கை ஓடல. ஆனா எழுதணும். வேற யாருகிட்ட சொல்றது?

டீச்சரம்மா துணி. இந்த மாசத்தோட பள்ளிக்கூடத்துல இருந்து ஓய்வு பெறப் போறாங்க. முதல் சம்பளத்துல வாங்கின பட்டாம், வெண்ணெய் நிறம், இத்தனை வருஷமா தைக்க மனசு வராம பெட்டியில வெச்சிருந்தாங்களாம். கடைசி நாள்ல போட்டுக்க நீளக் கவுனா தைச்சுக் கொடுங்கன்னு என்னை நம்பிக் கொடுத்தது. வேற எந்தத் தையற்கடைக்கும் போகல, என்கிட்ட வந்தாங்க.

என் மேஜை சின்னது. நீளத் துணியைத் தரையிலதான் விரிச்சு வெட்டுவேன். விரிச்சேன். சுருக்கம் இல்லாம நீவிவிட்டேன். கீழ்ப்பாகத்துக்கு வரைஞ்சு வெட்டின பேப்பரைத் துணியோட ஓரமா வெச்சேன், குண்டூசி குத்தினேன். கத்தரியை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தா, ஊக்கு அந்தப் பேப்பர் நடுவுல. ஒரு சுற்று சுத்திட்டு உட்கார்ந்திருக்கா. கால் நாலும் பேப்பருக்குள்ள, ஒரு ஓரம்கூடத் தாண்டல. முடிச்சிட்டு என்னைப் பார்க்குறா, கைதட்டுவேன்னு.

அவமேல என்ன தப்பு? சொல்லிக்கொடுத்ததை அப்படியே செஞ்சா. நாள் பூராவும் பேப்பர்லயே வெட்டுற தையற்காரி, நாய்க்குப் பேப்பரைக் காட்டி இங்கதான் போகணும்னு பழக்கியிருக்கேன். என்னைவிடப் பெரிய முட்டாள் எந்த ஊர்லயாவது இருப்பாளா?

அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதேன். அவ வந்து என் கன்னத்தை நக்கினா. கைதட்டலைன்னு அவளுக்கு ஒரே குழப்பம்.

உடனே துணியை அலசிவிட்டேன். நிழலில் காயப் போட்டேன். காய்ந்த பிறகு ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. வெளிச்சத்தில் பிடித்தால் நன்றாகத் தெரிகிறது.

மார்ச் 16, ஞாயிறு

மறைக்கவில்லை. டீச்சரம்மாவுக்கு போன் போட்டு, வந்து பாருங்கள், உங்கள் துணியைக் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் துணியை எடுத்து மேஜைமேல் விரித்தேன். கீழே கூடத்தில் அண்ணியிடம் யார், எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் மேலே வர முடிந்தது அவருக்கு. என் வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் அதே கதைதான்.

துணியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன், பேப்பர் முதல் எல்லாவற்றையும். அவர் துணியை மடித்து வைத்தார். பிறகு எங்கே அந்தப் பிள்ளை என்று கேட்டார். ஊக்குவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவசரம்னு கை தூக்கின பிள்ளைங்களை எல்லாம் பொறு, மணி அடிக்கட்டும்னு உட்காரவெச்சவ நான். எத்தனை பெஞ்சு நனைஞ்சிருக்கும். இவளையா நான் குத்தம் சொல்றது?"

கறை விழுந்த இடத்தைக் கீழ் மடிப்புக்குள் தள்ளித் தைக்கச் சொன்னார். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், போதும் என்றார்.

கிளம்பும்போது அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். தைத்த துணிகள் தொங்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால் மரச்சட்டம் தெரிவதைப் பார்த்துவிட்டு, அது என்ன கதவு, எங்கே போகிறது என்றார்.

வெளிப்படிக்குப் போகிறது. வீட்டின் பக்கவாட்டில் இரும்புப் படி, இறங்கினால் சுவரோரம் மண். நான் வந்த புதிதில் அண்ணன் பூட்டு போட்ட கதவு. தனியா இருக்கிறவளுக்கு ரெண்டு வாசல் எதுக்கு, யார் வர்றாங்க போறாங்கன்னு ஊர் பேசும் என்று சொன்னான். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்லை. கதவு கண்ணில் படாமல் இருக்க ஸ்டாண்டை நானேதான் இழுத்து வைத்தேன்.

"பூட்டிக் கிடக்கு டீச்சர்" என்றேன்.

"அப்ப குட்டி பேப்பர்லதான் போகும்" என்று சொல்லிவிட்டுக் கூடத்து வழியாக இறங்கிப் போனார்.

மார்ச் 17, திங்கள்

சாவி கேட்டேன். அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். மாடியின் வெளிக்கதவுச் சாவி வேணும், குட்டியை வெளியே விடணும், நீதானே பழக்கச் சொன்னே என்றேன்.

அது எங்கேயோ தொலைந்துவிட்டது என்றான். டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அண்ணன் பொய் சொன்னால் பாத்திரத்தைப் பார்ப்பான், சின்ன வயசிலிருந்தே.

சரி என்று மேலே வந்துவிட்டேன். சரியென்று சொன்னேனா? ஆறு வருஷமாகச் சரி, சரி, சரி. இந்த வீட்டில் ஒழுங்காகப் பழகின பிராணி ஒன்று உண்டென்றால் அது நான்தான்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணி மாடிக்கு வந்தாள். தன் ஜாக்கெட்டில் கொக்கி விட்டுப்போச்சு என்று கையில் கொண்டுவந்தாள். அந்தக் கொக்கியை அவளே தைத்துக்கொள்வாள், எனக்குத் தெரியாதா? ஊக்கு அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒதுங்கிக்கொண்டாள், ஆனால் உதறவில்லை.

நான் கொக்கியைத் தைத்து முடிக்கும்வரை ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சாவி தொலையல. பீரோவுல இருக்கு. நான் எடுத்துத் தரமாட்டேன், எனக்கு அவரோட குடித்தனம் பண்ணணும். ஆனா நாளைக்கு அவர் ஆபீஸ் போனப்புறம் மேல ஏதாவது சத்தம் கேட்டா, நான் குளிச்சுக்கிட்டு இருப்பேன்."

ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். முகத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்புகூட இல்லை. நான்தான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷமா ஒரே வீட்டில் இருக்கிறோம், இவள் யாரென்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

மார்ச் 19, புதன்

பூட்டு போயிற்று.

கடைத்தெரு முனையில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டுக்காரங்க யாரு என்று கேட்டார். அவர் கேட்க வேண்டியதுதானே, தொழில் அப்படி.

"நான்தான்" என்றேன்.

வாயிலிருந்து எத்தனை சுலபமாக வந்தது! அவரும் தலையாட்டிவிட்டு அறுக்க ஆரம்பித்தார். கீழே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை. அறுத்து முடிக்கும்வரை அண்ணி குளித்துக்கொண்டே இருந்தாள். அவள் தோல் சுருங்கியிருக்கும், பாவம்.

ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தேன். முதலில் வரவில்லை. தோளைக் கொடுத்து நெம்பியதும் திறந்தது. வெளிச்சம் நேராக மிஷின் மேல் வந்து விழுந்தது. இத்தனை நாள் விளக்கு போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்திருக்கிறேன், இந்தப் பக்கம் இவ்வளவு வெளிச்சம் சும்மா கிடந்திருக்கிறது.

புதுப் பூட்டு போட்டேன். சாவி என் இடுப்பில்.

சாயங்காலம்:

வந்தான். அண்ணி சொல்லவில்லை, படியில் கிடந்த துருவைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். தட்டாமல் கொள்ளாமல் எப்போதும்போல உள்ளே வந்து நின்றான்.

"யாரைக் கேட்டு உடைச்ச?"

"யாரையும் கேக்கல."

"நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா?"

"ஊக்குக்கு அவசரம், அண்ணா. நாலு பேர்கிட்ட கேட்டுட்டு வர்ற வரைக்கும் அது தாங்காது."

"நாய்க்காக வீட்டை உடைப்பியா நீ?"

"எனக்கும் அவசரம்தான்."

சொன்ன பிறகுதான் நானே கேட்டேன் அதை. அதுக்கப்புறம் வாய் நிக்கல. என் துணியை வாங்க வர்றவங்க உன் பொண்டாட்டிகிட்ட கணக்கு சொல்லிட்டு ஏறணும், நான் ஒரு டீத்தூள் வாங்கப் போனா எங்க போறேன்னு உன் நாற்காலி கேக்கும், என் ரூமுக்குள்ள நீ வர்றப்ப நான் எழுந்து நிக்கணும், நான் என்ன திருடிட்டா வந்தேன், அடிச்சவனை விட்டுட்டு வந்தேன், அது ஒரு தப்பா, அதுக்கு ஆறு வருஷம் பூட்டா? எல்லாம் சொன்னேன். ஊக்கு வேற நடுவுல நின்னு குரைச்சா. முதல் குரைப்பு. சின்னக் குரல்தான், ஆனா உருப்படியா குரைச்சா.

அண்ணன் பூட்டை ஒருமுறை பார்த்தான். இறங்கிப் போய்விட்டான். எழுந்து போய்ப் புதுப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மார்ச் 20, வியாழன்

காலையில் கீழே இறங்கப் போனால் படிக்கதவு திறக்கவில்லை. அண்ணன் தன் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறான். தண்டனையாம். அடுப்பும் குளியலறையும் எனக்கு மேலேயே உண்டு.

என் பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. போட்டேன்.

மார்ச் 22, சனி

கதவு திறந்தாயிற்று, ஊக்கு இறங்கமாட்டேன் என்கிறாள். இரும்புப் படி, நடுவில் நடுவில் ஓட்டை, கீழே தரை தெரிகிறது. முன்னங்காலை வைப்பாள், எட்டிப் பார்ப்பாள், பின்னால் போய் என் காலுக்குள் ஒளிந்துகொள்வாள். நான் தூக்கிக்கொண்டு இறங்கினால் மண்ணில் சமர்த்தாக முடிக்கிறாள். ஆனால் அவளே இறங்க வேண்டும். எத்தனை நாள் தூக்குவது? வளர்ந்தால் என் இடுப்பு போய்விடும்.

தெருப் பையன்கள் நீளம் குறைக்கக் கொடுத்த ஜீன்ஸ்களில் வெட்டி எடுத்த கால் துண்டுகள் ஒரு மூட்டை கிடக்கிறது. இரண்டிரண்டாக மடித்து, ஒவ்வொரு படி அகலத்துக்கும் ஒரு மெத்தை தைத்தேன், நாலு மூலையிலும் நாடா வைத்து இரும்போடு இறுக்கிக் கட்டினேன். மிஷின் ஊசி இரண்டு உடைந்தது. மூன்றாவதில் முடித்தேன்.

மேல் படி மெத்தையில் கொஞ்சம் பிஸ்கட். அடுத்ததில் கொஞ்சம். பாதி வழி வந்துவிட்டாள். பாதியில் உட்கார்ந்துகொண்டு மேலேயும் போகமாட்டேன், கீழேயும் வரமாட்டேன் என்று ஊளையிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நன்றாகப் பார்க்கட்டும். நானும் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டேன். வெளியே உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று. காற்று நன்றாக இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

இறங்கினாள். தானாக! நாலு காலும் நாலு திசையில் போனது, ஆனால் இறங்கினாள்.

மார்ச் 26, புதன்

பேப்பரை மறக்கடிப்பதுதான் பெரும்பாடு. செய்தித்தாளை எல்லாம் கட்டி அலமாரி மேல் போட்டுவிட்டேன். இப்போது பழுப்பு நிற உறைத் தாளில் வரைகிறேன், அதுவும் தரையில் இல்லை. பழைய கதவுப் பலகை ஒன்றை வாங்கி மேஜைமேல் போட்டுவிட்டேன், எவ்வளவு நீளத் துணியானாலும் விரியும். முதுகுவலி பாதி குறைந்தது. இதை முன்னாலேயே செய்திருக்கலாம். எதைத்தான் முன்னால் செய்தேன்.

கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று என்னைப் பார்ப்பதுதான் இப்போது அவள் பாஷை. நான் கவனிக்காவிட்டால் கதவைப் பிறாண்டுவாள். அதையும் கவனிக்காவிட்டால் என் காலுக்கு ஊக்கு போட்டுவிடுவாள், பல்லால்.

டீச்சரம்மா கவுன் வாங்க வந்தார். வெளிப்படி வழியாக வந்த முதல் வாடிக்கை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஜீன்ஸ் மெத்தையில் கால் வைத்து வைத்து ஏறினார். யாருக்கும் எதுவும் சொல்லாம வந்தேன், நல்லாயிருக்கு என்றார். கவுனைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று கீழ் மடிப்பை ஒரு விரலால் தடவிவிட்டு ஊக்குவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சாயங்காலம் அண்ணி கீழே மண்ணில் நின்று என்னைக் கூப்பிட்டாள். எலும்பு நாலைந்தை ஒரு பையில் போட்டு நீட்டினாள். வேஸ்ட்டா போகுது, அதான் என்றாள். மேலே வாயேன் என்றேன். இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுப் படியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

மார்ச் 29, சனி

இன்றோடு இந்த வாரம் முழுக்க உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. மாசக் கடைசி திங்கட்கிழமை. வரட்டும். பழக்கிவிட்டேன். யார் வேண்டுமானாலும் வந்து தரையில் உருண்டு பார்க்கலாம்.

மார்ச் 31, திங்கள்

வந்தார், கிடங்குக்காரர். அண்ணன் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவரை அனுப்பியிருக்கிறான், எதிரில் நிற்கத் துணிவில்லை. கையில் சங்கிலியோடு வெளிப்படி ஏறி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, வாசலில் நின்று, அண்ணன் எடுத்துக்கச் சொன்னாப்ல என்று சங்கடத்தோடுதான் சொன்னார்.

நான் தயாராக இருந்தேன். என்ன பேச வேண்டும் என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். பழகிவிட்டாள், ஒரு வாரமாக உள்ளே எதுவும் இல்லை, நீங்களே பாருங்கள் என்று தரையைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து ஊக்கு, புது ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் வாலோடு உடம்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவர் காலடியில் மல்லாந்து படுத்து, அவர் செருப்பிலேயே விட்டுவிட்டாள்.

ரெண்டு பேரும் செருப்பைப் பார்த்தோம்.

"இதான் பழகினதா?" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அடக்கவே முடியவில்லை. இத்தனை நாள் எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேனோ, அது அவர் செருப்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பயம் வரவில்லை. தேடித்தேடிப் பார்த்தேன், இல்லை. இவள் ஒழுங்காக இருந்தால்தான் என்னோடு இருக்கலாம் என்று அண்ணன் சொன்னான், நானும் அதை நம்பித் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவன் யார் சொல்ல?

"பழகினாலும் பழகாட்டியும் இவ என்னோடவ. எங்க அண்ணனோட நாய் இல்ல, அவன் கொடுக்குறதுக்கு. சங்கிலியைக் கொண்டுபோங்க. செருப்பைக் கழட்டுங்க, கழுவித் தர்றேன்."

கழற்றினார். கழுவிக் கொடுத்தேன். காயும்வரை படியில் உட்கார்ந்திருந்தார், மெத்தைமேல். ஊக்கு அவர் மடியில் ஏறிச் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, தார்ப்பாய் ஒன்று கிழிஞ்சிருக்கு, அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

அண்ணன் இன்னும் பேசவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறான், வருகிறான். கிடங்குக்காரர் என்ன சொன்னாரோ தெரியாது. தாழ்ப்பாள் அவன் பக்கமும் போட்டிருக்கிறது, என் பக்கமும் போட்டிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊக்கு வெயிலில் கதவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். திடீரென்று காதைத் தூக்கினாள். இரும்புப் படியில் யாரோ ஏறும் சத்தம், கனமான ஆள், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. பிறகு சத்தம் நின்றுவிட்டது. ஒரு இருமல்.

அப்புறம் கதவைத் தட்டும் சத்தம். மெதுவாக, இரண்டு தட்டு.

அந்த இருமல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கேட்டேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

இன்னொரு இருமல். ஊக்கு என்னைப் பார்த்தாள்.

"அண்ணன்."

"இரு அண்ணா, கையில ஊசி இருக்கு" என்றேன். காஜாவை முடித்து, முடிச்சுப் போட்டு, நூலை அறுத்துவிட்டுத்தான் எழுந்தேன். அதுவரை நின்றான். வேண்டுமென்றேதான் மெதுவாகச் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன், நன்றாக இருந்தது.

திறந்தேன். ஆபீஸ் பேண்டை மடித்துக் கையில் வைத்திருந்தான். கால் மடிப்பு பிரிந்துவிட்டதாம். முன்பெல்லாம் அண்ணியிடம் கொடுத்துவிடுவான், அது மாடிப்படிக் கம்பியில் தொங்கும், நான் எடுத்துத் தைத்து அதே கம்பியில் போடுவேன். ஊக்கு அவன் காலை முகர்ந்தாள். அவன் அசையாமல் நின்றான். அவளும் ஒன்றும் செய்யவில்லை, செருப்பை மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

கைப்பிடி ஆடுது, ஆளை அனுப்பட்டுமா என்றான். நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், நாளைக்கு வருவார் என்றேன். தலையாட்டினான். உள்ளே எட்டிப் பார்த்தான், பலகை மேஜையை, வெயிலை, காய்ந்த தரையை. உள்ளே வா என்று சொன்ன பிறகுதான் உள்ளே வந்தான்.

பேண்டை வாங்கிக்கொண்டேன். ஊக்கு மண்ணுக்கு இறங்கிப் போய்விட்டு வந்தாள். நாளைக்குத் தைத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள் என்றேன். சரி என்றான். எந்த வழியாக வருவது என்று அவன் கேட்கவில்லை.